இரண்டாம் வரிசையில் ஏழாவது கேடட்

அந்தப் படத்தை முதல் வாரத்திலேயே பார்த்தவர்களுக்குக்கூட அந்த கேடட்டை நினைவிருக்காது. இடைவேளை முடிந்து சிறிது நேரத்தில் ஒரு காட்சி வரும். பயிற்சிக் கப்பலின் மேல்தளத்தில் முப்பது வேற்றுக்கிரக மாணவர்கள் மூன்று வரிசையாக நிற்பார்கள். போரில் அழிந்துபோன கப்பல்களின் பெயர்களை அதிகாரி ஒருவர் வாசிப்பார். வாசித்து முடியும்வரை யாரும் அசையக் கூடாது என்பது அந்தப் படையின் விதி. கேமரா வரிசைகளைக் கடந்து போகும்போது, இரண்டாம் வரிசையில் ஏழாவதாக நிற்கும் கேடட்டின் மேல் நான்கு விநாடி தங்கும். இப்போது வாசித்த கப்பலில்தான் இதன் வீட்டார் இருந்தார்கள் என்பது நமக்குப் புரிய வேண்டும். வசனம் கிடையாது. பிறகு கேமரா கதாநாயகனிடம் போய்விடும்.

அந்த நான்கு விநாடியை எடுத்த கருவியை இயக்கியவன் நான். அது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லாமல் நடந்ததைச் சொல்ல முடியாது.

எங்கள் படத்து வேற்றுக்கிரகத்தாருக்கு வாய் இல்லை, புருவம் இல்லை. கழுத்தின் இரு பக்கமும் மூன்று மூன்று செவுள்கள். கண்ணுக்கு உள்ளே ஓர் இமை, வெளியே ஓர் இமை. தோல் சாம்பல் நிறம். உணர்ச்சி ஏறினால் அதில் பச்சை படரும். வழக்கமாக நடிகரின் முகத்தில் புள்ளிகள் ஒட்டி, உதடு எவ்வளவு வளைகிறது, நெற்றி எப்படிச் சுருங்குகிறது என்று அளந்து, அதைக் கணினி உருவத்துக்குக் கொடுப்போம். உதடே இல்லாத ஒன்றுக்கு உதட்டு வளைவைக் கொடுத்து என்ன பயன்? வரைகலைக் குழு ஆறு மாதம் முயன்றது. அவர்கள் செய்த செவுள்கள் எல்லாம் மூச்சு வாங்கின, ஒன்றும் அழவில்லை.

அதனால் முகத்தை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் போனோம். துக்கத்துக்கு ஒரு தாளம் உண்டு. எழும்பும். அடக்குவோம். அடங்கியதுபோல இருந்து, ஓர் இடத்தில் கசியும். அந்தத் தாளத்தை மூளையிலிருந்தே எடுத்துவிட்டால், அதை உதட்டிலும் ஓட்டலாம், செவுளிலும் ஓட்டலாம். இதற்காக ஒரு தலைக்கவசம் வாடகைக்கு வந்தது. பின்பக்கம் உருண்டையாகப் புடைத்திருக்கும். யூனிட்டில் அதற்குக் 'கொண்டை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது இரண்டு வேலை செய்தது. நடிகர் தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றை நினைக்கும்போது எழும் அலையைப் பதிவு செய்யும். அந்த நினைவு சட்டென்று நழுவிப் போகாமல் கொஞ்ச நேரம் பிடித்தும் வைக்கும். இந்த இரண்டாவது வேலைக்கு ஒரு திருகு இருந்தது, ஒன்றிலிருந்து பத்துவரை. நாங்கள் அதைப் 'பிடி' என்போம். நான்கில் வைக்கச் சொல்லியிருந்தது கையேடு.

முப்பது கேடட்களில் இருபத்தொன்பது பேர் கணினி பெருக்கிய கூட்டம். ஏழாவதற்கு மட்டும் உயிருள்ள ஒருவர் வேண்டும். வந்தவர் தமயந்தி.

அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். சாலிகிராமத்தில் வீடு. துணை நடிகர் சங்கத்தில் இருபத்திரண்டு வருட உறுப்பினர். கல்யாண வீட்டுக் கூட்டம், சந்தைக் கூட்டம், சாலையில் விபத்தைப் பார்க்கும் கூட்டம் என்று எல்லாவற்றிலும் நின்றிருக்கிறார்.

"இவ்ளோ நாளா என் முதுகுதான் சார் நடிச்சிருக்கு," என்றார், முதல் நாள் நான் கொண்டையின் வார்களை அளவு பார்த்தபோது. "இப்பதான் எனக்குன்னு ஒரு குளோசப்பு. அதுலயும் என் மூஞ்சி இல்லேங்கறீங்க."

"மூஞ்சி இல்லக்கா. ஆனா உள்ள இருக்கிறது பூரா நீங்கதான்."

"வலிக்குமா?"

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. யாராவது இப்படிக் கேட்டால் நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன்.

"பீரோவுலேர்ந்து ஒரு பட்டுப்புடவைய எடுக்குறீங்கன்னு வெச்சுக்குங்க," என்றேன். "பாத்துட்டு, திரும்ப மடிச்சு வெச்சாதான் அது பீரோவுக்குள்ள போகும். நாம எதை நெனச்சாலும் அப்படித்தான். நெனக்கும்போது வெளிய வருது. அப்புறம் கொஞ்ச நேரத்துல மூளையே அதை மடிச்சு உள்ள வெச்சுடுது. தூங்கி எழுந்தா நல்லா படிஞ்சிடும். இந்தக் கொண்டை என்ன பண்ணும்னா, நீங்க மடிக்கப் போகும்போது, இரு இருன்னு பிடிச்சுக்கும்."

"மடிக்கலேன்னா கசங்கும். அவ்ளோதான?"

"கசங்கினா பரவாயில்லக்கா. எடுத்து எடுத்து மடிச்சா மடிப்புலயே இத்துப் போயிடும் இல்ல? அதனாலதான் ஒரு நாளைக்கு மூணு டேக்குக்கு மேல கிடையாது. மூணு முடிஞ்சா மெஷினே பூட்டிக்கும். நான் நெனச்சாலும் திறக்காது."

"ஆங், அப்ப சரி," என்றார். "மெஷினு மனுசங்க மாதிரி இல்ல. சொன்னா கேக்கும்."

எந்த நினைவை எடுக்கப் போகிறார் என்பதை நான் தெரிந்துகொள்ள வேண்டும். அலை எங்கே உச்சத்துக்குப் போகும் என்று கணித்துப் பதிவுக் கருவியைச் சரிசெய்ய அது தேவை. தமயந்தி தன் கைவிரல்களைப் பார்த்தபடி சொன்னார்.

ஆறு வருடத்துக்கு முன்னால், பூந்தமல்லிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் படப்பிடிப்பு. அவர் மணப்பெண்ணுக்கு நேர் பின்னால் தட்டு ஏந்தி நிற்கிறார். மகள் நித்திலாவுக்கு எட்டு வயது, இரண்டு நாளாகக் காய்ச்சல். கணவர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார். தட்டோடு நிற்கிறவர் நடுவில் போனால் அடுத்த ஷாட்டில் அந்த இடம் காலியாகத் தெரியும் என்பதால் விடவில்லை. எல்லோருடைய போன்களும் ஒரு பையில் இருந்தன. மாலையில் பையிலிருந்து போனை எடுத்தபோது பதினான்கு அழைப்புகள்.

"அப்படியே ஓடுனேன் சார். பட்டுப்புடவ, தலை நெறய பூவு, மூஞ்சி பூரா மேக்கப்பு. ஆஸ்பத்திரில எல்லாரும் வழிவிட்டு நிக்கிறாங்க, என்னவோ கல்யாணத்துலேர்ந்து வந்த மாதிரி. அவரு என்னைப் பாத்துட்டு, மூஞ்சியக் கழுவிட்டு வா, புள்ள உன்ன இப்படிப் பாக்க வேணாம்னு சொன்னாரு. கழுவுறேன், கழுவுறேன், தண்ணி செவப்பா போயிட்டே இருக்கு. அப்பதான் தோணிச்சு..." கையை உயர்த்தி, போதும் என்பதுபோலக் காட்டினார்.

என்ன தோன்றியது என்பது எனக்கும் புரிந்திருந்தது. பிள்ளை இனிப் பார்க்கப் போவதில்லை.

மூன்று நாள் கழித்துப் படப்பிடிப்பு. பச்சைத் திரை கட்டிய தளத்தில், தரையில் முப்பது சிலுவைக் குறிகள். இரண்டாம் வரிசை ஏழாவது குறியில் தமயந்தி கொண்டையோடு நின்றார். அவருக்கு எதிரே இருந்த பெரிய திரையில் கணினி செய்த கேடட், அவரையே பார்த்தபடி, ஒன்றும் இல்லாத முகத்தோடு நின்றது.

இயக்குநர் கோகுலநாதனுக்கு ஒரு பழக்கம். பல இயக்குநர்களுக்கு உண்டு. அவர் லேசில் 'கட்' சொல்ல மாட்டார். கட் சொன்னால் லைட்காரர் நகர்வார், மேக்கப் பெட்டி வரும், நடிகருக்குள் திரண்டு வந்தது கலைந்துவிடும். அதனால் கேமரா ஓடும்போதே, "கட் பண்ணாதீங்க, அப்படியே முதல்லேர்ந்து இன்னொரு தடவ," என்பார். டிஜிட்டலில் வேறு செலவும் இல்லை. ஒரே டேக்குக்குள் நான்கு, ஐந்து முறை எடுத்துவிடுவார்.

கொண்டையைச் செய்தவர்கள் ஆய்வுக்கூடத்துக்காரர்கள். அவர்கள் ஊரில் டேக் என்றால் தொடக்கம், முடிவு. நடுவில் ஒரு முறை நினைத்தல். அதனால் அவர்கள் வைத்த எண்ணும் கருவி, பதிவு தொடங்கி நிற்பதை ஒன்று என்று எண்ணியது, நடுவில் எத்தனை முறை நினைத்தாலும். இது எனக்குத் தெரியும். கருவியின் உள்விவரங்களை எல்லாம் விரும்பிப் படித்தவன் நான். தெரிந்த ஒன்று கண்முன்னால் நடக்கும்போது, அது நான் படித்த அதே ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றவில்லை.

முதல் டேக்கில் நான்கு முறை. முதல் முறையே அலை எழும்பிய விதத்தைப் பார்த்து நான் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டேன். மெதுவான ஏற்றம், மேலே ஒரு தட்டையான அடக்கம், அந்த அடக்கத்தின் கடைசியில் மிகச் சிறிய ஒரு சரிவு. திரையில் இருந்த கேடட் அசையாமல் நின்றது. அதன் இடது பக்க நடுச்செவுள் மட்டும் ஒருமுறை திறந்து, மூட மறந்ததுபோல நின்றது. தளத்தில் யாரோ "ஐயோ" என்றார்கள்.

"அருமை," என்றார் கோகுலநாதன். "கட் பண்ணாதீங்க. அம்மா, அப்படியே இன்னொரு தடவ போலாமா?"

இரண்டாவது டேக்கில் ஐந்து முறை. நான்காவதிலிருந்து அலை தாழ ஆரம்பித்தது.

"சிபி, என்னடா டல்லடிக்குது?" இயக்குநரின் குரல் காதுக்கருவியில் வந்தது. "முதல்ல இருந்தது இல்லையே."

"பிடியை ஏத்திப் பாக்குறேன் சார்," என்றேன். நான்கிலிருந்து ஏழுக்குத் திருகினேன். அலை மறுபடி எழும்பியது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாவது டேக்கில் மூன்று முறை. அந்தக் கடைசி முறைதான் படத்தில் வந்தது. செவுள், உள்ளிமை, கழுத்தில் மெல்லப் படர்ந்து பாதியில் நின்ற பச்சை. கோகுலநாதன் எழுந்து நின்று கைதட்டினார். "ஓகே! இதுதான்."

இன்னும் 'கட்' சொல்லவில்லை. அப்போது நான் என் தொழிலில் பதினோரு வருடமாக ஒவ்வொரு நல்ல ஷாட்டுக்குப் பிறகும் சொல்லி வந்ததைச் சொன்னேன். ஒருமுறை பதிவுத்தட்டு கெட்டுப்போய் ஒரு நாள் உழைப்பு வீணானதிலிருந்து வந்த பழக்கம் அது.

"சேஃப்டிக்கு ஒண்ணு எடுத்துக்கலாமா சார்?"

"எடுத்துக்கோ."

பதின்மூன்றாவது முறை. என் திரையில் கோடு நேராகப் போனது. ஏதோ உணரி நழுவிவிட்டது என்று நினைத்தேன். கருவியின் மூலையில் '3' என்று காட்டி, முறைப்படி பூட்டிக்கொண்டது.

தமயந்தி கொண்டையைக் கழற்றித் தந்தார். கண்கள் உலர்ந்திருந்தன. "சாப்பாடு இருக்கா சார், இல்ல எல்லாத்தையும் காலி பண்ணிட்டாங்களா? நல்ல பசி," என்றார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும்.

நாற்பது நாள் கழித்து ஒருவர் ஸ்டுடியோ வாசலில் என்னைத் தேடி வந்தார். காக்கிச் சட்டை, இடுப்பில் ரப்பர் கையுறை செருகியிருந்தது. "ஏகாம்பரம். தமயந்தியோட வீட்டுக்காரரு. ஈ.பி.யில லைன்மேன்," என்று அறிமுகம் செய்துகொண்டார்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் டீயைத் தொடவில்லை.

"போன வாரம் புள்ளைக்குத் திதி. ஆறு வருசமா அன்னைக்கு அவ அடுப்பு கிட்டயே போக மாட்டா. நான்தான் ஏதாவது பண்ணுவேன். இந்த வருசம் அவளே எல்லாம் பண்ணா. பாயசம், வடை எல்லாம். நல்லாத்தான் பண்ணா. படத்துக்கு முன்னால எலய போட்டுட்டு, உப்பு கரெக்டா இருக்கான்னு கேக்குறா." அவர் என்னைப் பார்த்தார். "பாட்டு முணுமுணுத்துட்டு இருந்தா தம்பி."

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரில நடந்ததெல்லாம் ஞாபகம் இருக்கான்னு கேட்டேன். ஒண்ணு விடாம சொன்னா. கொழாத் தண்ணி வரைக்கும். பேப்பர்ல படிச்சத சொல்ற மாதிரி. என்ன பண்ணீங்க அவள?"

எனக்கு விளக்கத்தான் தெரியும். விளக்கினேன். "நடந்தது ஒரு இடத்துல இருக்கும்ணே. அது எப்படி வலிச்சதுங்கிறது மூளையில வேற ஒரு இடத்துல இருக்கும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு இணைப்பு. நாங்க அந்த இணைப்பத் திரும்பத் திரும்ப இழுத்து..."

"லைன் அறுந்துடுச்சு." அவர் முடித்தார். "ரெண்டு பக்கமும் கம்பம் நல்லாத்தான் நிக்குது. நடுவுல கம்பி இல்ல."

"ஆமாண்ணே."

"அவ்ளோதான? இழுத்துக் கட்டிடலாம்ல?" அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்க்க முடியாமல் நான் டீ கிளாஸைப் பார்த்தேன்.

அன்று மாலையே இயக்குநரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. உண்மையாகவே யோசித்தார். "சிபி, இதே மெத்தட வெச்சு ஆஸ்பத்திரில வைத்தியம் பண்றாங்கடா. போர்லேர்ந்து வந்தவங்களுக்கு, விபத்துல மாட்டினவங்களுக்கு. அந்தம்மாவுக்குப் பாரம் கொறஞ்சிருக்கு. அப்படிப் பாரேன்."

இதை ஏகாம்பரத்திடம் நான் அப்படியே சொன்னது தவறு.

"பாரம்னு உங்ககிட்ட யாரு சொன்னா?" என்றார் அவர். சத்தமில்லாமல்தான் கேட்டார். "எங்க வீட்டுல ரெண்டு பேரு அந்தப் புள்ளய வெச்சிருந்தோம். இப்ப நான் ஒருத்தன்தான் வெச்சிருக்கேன்."

எங்களிடம் பதிவு இருந்தது. தமயந்தியின் துக்கம் முழுவதும், விநாடிக்கு ஆயிரம் புள்ளிகளாக, ஒரு கோப்பில். படிக்கும் கருவியால் எழுதவும் முடியும். பிடித்து வைப்பதே ஒருவகை எழுதுதல்தானே. மகளின் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த அலையைத் திருப்பி உள்ளே ஓட்டினால், மூளை இரண்டையும் சேர்த்து மடித்து வைக்கும். காகிதத்தில் கணக்கு சரியாக வந்தது. கருவியை வாடகைக்குத் தந்தவர்கள் இதை அனுமதிக்க மாட்டார்கள் என்பதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்டுடியோ காலியாக இருந்த நேரத்தில் செய்தோம்.

தமயந்தி ஒத்துக்கொண்டதே கணவருக்காகத்தான். "எனக்கு ஒண்ணும் இல்ல சார். இவருதான் ரொம்ப சங்கடப்படுறாரு," என்றார்.

மகளின் புகைப்படத்தை ஏகாம்பரம் சட்டம் போட்டபடியே கொண்டுவந்திருந்தார். தமயந்தியின் கண்ணுக்கு நேராக ஒரு ஸ்டாண்டில் வைத்தார். கோணலாக இருக்கிறதோ என்று இரண்டு தடவை சரிசெய்தார். நான் கோப்பைத் திறந்தேன். பிடியை நான்கில் வைத்தேன். ஓடவிட்டேன்.

அந்தக் கோப்பு எதற்காகச் செய்யப்பட்டது என்பதை நான் யோசிக்கவில்லை. அதைத் திறந்தால் கேடட்டும் சேர்ந்து திறக்கும். பக்கத்துத் திரையில் அது எழுந்து நின்றது. அலை தமயந்திக்குள் போன அதே கணத்தில் அங்கே செவுளும் அசைந்தது. புகைப்படம் அசையாது. மனிதக் கண் அசைவதைத்தான் பார்க்கும். அது நம் கையில் இல்லை. யோசிப்பதற்கு முன்பே கண் திரும்பிவிடும்.

தமயந்தியின் கண் திரும்பியது.

அவர் அழ ஆரம்பித்தார். உடம்பு குலுங்க, ஆறு வருடத்து அழுகை. ஏகாம்பரம் ஓடிவந்து தோளைப் பிடித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "வந்துடுச்சு தம்பி, வந்துடுச்சு!"

தமயந்தி கையை நீட்டித் திரையைத் தொட்டார். கேடட்டின் கழுத்தில், பச்சை நின்றுபோன இடத்தில். "இதுக்கு என்னங்க ஆச்சு?" என்றார். "பாவம், இதுக்குன்னு யாருமே இல்லாம போயிட்டாங்களே."

"இங்க பாரு," என்று ஏகாம்பரம் புகைப்படத்தை எடுத்து அவர் முகத்துக்கு முன்னால் பிடித்தார். "தமயந்தி, இங்க பாரு."

அவர் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்லா விழுந்திருக்கா இல்ல இந்தப் போட்டோல," என்றார். பிறகு மறுபடி திரைப்பக்கம் திரும்பினார்.

வெகுநேரம் கழித்து ஏகாம்பரம் என்னிடம் சொன்னார்: "வேற கம்பத்துல கட்டிட்டீங்க தம்பி." அவர் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

மறுபடி முயலலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் கொண்டை தன் ஓட்டங்களைத் தானே குறித்துவைக்கும். ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் உரிமையாளர்களுக்குத் தெரிந்து, செவ்வாய்க்கிழமை வந்து கருவியையும் கோப்புகளையும் எடுத்துப் போய்விட்டார்கள். ஒப்பந்தப்படி தமயந்தி தந்தது ஒரு நடிப்பு. நடிப்பு படக் கம்பெனிக்குச் சொந்தம், அவருக்கு இல்லை. நான் கேட்டுப் பார்த்த நரம்பியல் மருத்துவர் ஒருவர், தொட்டால் இன்னும் இறுகும், விட்டுவிடுங்கள் என்றார்.

படம் வெளியானது. தமயந்தி தினமும் பகல்காட்சிக்குப் போனார், வடபழனியில் ஒரே தியேட்டருக்கு. ஏகாம்பரம் தன் வேலைநேரத்தை மாற்றிக்கொண்டு கூடவே போனார். ஒரு நாள் போனில் என்னிடம் சொன்னார்: "அந்த எடம் வந்ததும் அவ அழுவுறா. நானும் அழுவுறேன். அவ எதுக்கு அழுவுறா, நான் எதுக்கு அழுவுறேன்னு லைட்ட அணைச்சப்புறம் யாருக்குத் தெரியும்? இப்படியே ஓடிட்டாக்கூடப் போதும் தம்பி."

இரண்டாம் வாரம், படம் நீளம் என்று எல்லோரும் எழுதினார்கள். இடைவேளைக்குப் பிறகு பதினொரு நிமிடம் வெட்டப் போவதாக விளம்பரமே வந்தது. பட்டியலைப் பார்த்துவிட்டு இயக்குநரிடம் ஓடினேன்.

"நாலு செகண்டு சார். அத மட்டும் விட்டுடுங்க."

"நாலு செகண்டு தனியா நிக்காதுடா. அது நிக்கணும்னா அந்தப் பேரு வாசிக்கிற சீன் பூரா வேணும். அது வேணும்னா அதுக்கு முன்னால கப்பல் போற சீன் வேணும்." அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். இரண்டு நாளாகத் தூங்கியிருக்க மாட்டார். "என் சொந்த மச்சான் நடிச்ச சீனையே தூக்கியிருக்கேன். அவன் எங்கிட்ட பேசறதில்ல. நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

இணையத்துக்குப் போவதும் வெட்டிய படம்தான். திருட்டுத்தனமாகத் தியேட்டரில் எடுத்த முதல் வாரப் பிரதி ஒன்றைத் தேடிப் பிடித்தேன். அந்த இடத்தில் யாரோ எழுந்து நின்றிருந்தார்கள். ஏழாவது கேடட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தலையின் நிழல்.

முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று தியேட்டருக்குப் போனேன். ஏகாம்பரத்தின் போன் அணைத்திருந்தது. இடைவேளையில் உள்ளே போய்ப் பார்த்தபோது விளக்குகள் மங்கத் தொடங்கிவிட்டன. தமயந்தி என்னைப் பார்த்ததும் பக்கத்து இருக்கையிலிருந்து தன் பையை எடுத்தார். "வாங்க சார், சரியான நேரத்துக்கு வந்தீங்க. இப்ப வந்துடும்."

நான் ஏகாம்பரத்தைப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்து அவருக்குப் புரிந்துவிட்டது.

திரையில் ஒரு கதவு மூடியது. அடுத்து நேராகக் கதாநாயகன் போர்விமானத்தில் இருந்தான். வெட்டு அவ்வளவு சுத்தமாக இருந்தது. தெரியாதவர்களுக்கு அங்கே ஒன்று இருந்ததே தெரியாது.

"வந்துடும்," என்றார் தமயந்தி. "கொஞ்சம் தள்ளி வெச்சிருப்பாங்க."

கடைசிப் பெயர்ப்பட்டியல் ஓடி முடிந்து, துப்புரவு செய்கிறவர்கள் உள்ளே வரும்வரை அவர் எழவில்லை.

வெளியே வெயிலில் கண் கூசியது. வண்டி நிறுத்தும் இடத்தில், வரிசையாக நின்ற ஸ்கூட்டர்களுக்கு நடுவில் தமயந்தி நின்றுவிட்டார். அழுகை வார்த்தைகளைத் துண்டு துண்டாக்கியது. "எடுத்துட்டாங்களே சார். எங்க போயிருக்கும் அது? அதுக்கு ஒரு பேருகூட வெக்கலயே. ஏழு, ஏழுன்னே சொல்லி அனுப்பிட்டாங்களே. பேரு இல்லாத ஒண்ண நான் என்னன்னு சொல்லி அழுவேன்?"

எனக்கு எல்லாம் விளக்கத் தெரியும். பேர் வைப்பது எந்தக் கையேட்டிலும் இல்லை.

ஏகாம்பரம் வண்டிச் சாவியைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டே இருந்தார். பிறகு மிக மெதுவாக, பயந்து பயந்து சொன்னார்.

"நித்திலான்னு வெச்சுக்க."

தமயந்தி அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். கண்ணீர் வழிந்த முகத்தில் லேசான வியப்பு மட்டும் இருந்தது. ஒரு படிவத்தில் தவறாக நிரப்பப்பட்ட கட்டத்தைச் சுட்டிக்காட்டுகிறவர் குரலில் சொன்னார்:

"அது எப்படிங்க வெக்கிறது? அது நம்ம பொண்ணு பேராச்சே."

ஏகாம்பரம் தலையை அசைத்தார்.

"ஆமா," என்றார். "ஆமா. மறந்துட்டேன்."